கேட்டு எடுக்கும் குடும்பம்

சென்ற ஆண்டு ஜூன் முப்பதாம் தேதி, திங்கட்கிழமை மாலை ஐந்து பத்துக்கு, சுங்கக்கரை ரயில் நிலையத்தின் முதல் நடைமேடையில், மஞ்சள் பெயர்ப் பலகையின் அருகே இருந்தவர்கள்: பெரம்பூரில் ரயில் பெட்டிப் பட்டறையில் முப்பத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற இன்னாசியாகிய நான், உப்பள ரயில்வே கேட்டின் கேட் கீப்பரான என் தங்கை ஐரீன், அவள் மகள் ரேச்சல், கேமராவுடன் என் தம்பி டெரிக், ஸ்டேஷன் மாஸ்டர் தாமோதரன், ஸ்டேஷன் காவல் ஏட்டு யாசின், நெட்டுக்குப்பம் திரும்புவதற்காகக் காலிக் கூடையோடு வண்டிக்குக் காத்திருந்த மீன்காரி குப்பம்மா. துணை அனுமதி அலுவலர் யசோதரா வரவில்லை. அவருடைய பதினான்கு நிபந்தனைகள் வந்திருந்தன.

தாங்களும் அங்கே இருந்ததாக இன்று எங்கள் ராயபுரத்தில் நாற்பது பேர் சொல்கிறார்கள். அவர்கள் இல்லை. ஆகவே நடந்ததை இருந்தவன் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக ரயில்வே சம்பளத்தில் சாப்பிட்ட குடும்பம். எங்கள் கோயில் பங்கில் ரயில்வேக் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறும் நாளன்று, சீருடையோடும் மாலையோடும், வேலைக்குரிய கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு, சொந்த ஸ்டேஷனின் மஞ்சள் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்படி மூன்று படங்கள் இருக்கின்றன. 1958இல் என் தாத்தா, கையில் விளக்கு. 1984இல் என் அப்பா, கையில் ஸ்பேனர். 2012இல் நான், கையில் அளவுகோல். 

படம் இல்லாமல் வெளியே வந்தவர் ஒருவரும் உண்டு. என் சித்தப்பா சவரி. பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து வெளியே கொண்டுவந்ததற்காக 1971இல் அவரை டிஸ்மிஸ் செய்தார்கள். அவருக்காக முன்கூட்டியே அடித்து வைத்த ஆணியை அப்பா பிடுங்கவில்லை. அதில் பங்குக் கோயில் காலண்டர் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அந்தக் காலண்டரைத்தான் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் படம் இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஐரீனின் கணவர் ஜெரி உப்பள கேட்டில் வேலையில் இருக்கும்போதே இறந்தார். அந்த வேலை அவளுக்கு வந்தது. இருபத்தொன்பது வருடம் அந்த கேட்டை மூடித் திறந்தாள். மூடிய கேட்டை எவருடைய கெஞ்சலுக்கும் திறந்ததில்லை. எங்கள் அம்மாவின் சவ ஊர்வலம் வந்தபோது கேட் மூடியிருந்தது. அழுதுகொண்டே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், திறக்கவில்லை. எண்ணூருக்குப் போகும் நிலக்கரி வண்டியின் ஐம்பத்தெட்டுப் பெட்டிகளும் போகும்வரை அம்மா காத்திருந்தார். எங்கள் வீட்டில் பெண்களில் முதலில் பலகைக்குக் கீழே நிற்கப்போகிறவள் இவள். ஆணியை நானே ஏப்ரல் மாதம் அடித்து வைத்தேன்.

படம் எடுக்க டெரிக் இருந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஞாயிறு பூசை முடிந்ததும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். காசிமேட்டு ஏலம், நங்கூரம் போட்ட கப்பல்கள், திருவொற்றியூர்க் கரையில் கொட்டிய பாறைகள். இருபத்தாறு வருடப் பழக்கம். ஒரு படத்தையும் விற்றதில்லை. கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவான்.

படம் எடுக்கும் முன் ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்க வேண்டும். இதுவும் எங்கள் வழக்கம். 1958இல் தாத்தா கேட்டார், “சரி” என்றார்கள். 1984இல் அப்பா கேட்டார், “இதுக்கெல்லாமா கேப்பீங்க” என்றார்கள். 2012இல் நான் கேட்டேன், “டீ சாப்பிடுறீங்களா” என்றார்கள். ஆகவே ஏப்ரல் மாதம் நான் தாமோதரனின் அறைக்குப் போய்க் கேட்டேன்.

தாமோதரன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இன்னாசி சார், நீங்க இப்ப சொன்னது என் காதுல வுழலன்னு வெச்சிக்கலாமா?”

“விழுந்ததே. பதிலும் சொல்கிறீர்களே.”

“பிளாட்பாரத்துல பாருங்க. ஊரே செல்லுல எடுத்துகினு கீது. யாரும் கேக்கல. நானும் கேக்கல. ஜூன் முப்பதாம் தேதி அஞ்சு மணிக்கு நான் காபி சாப்பிட வெளிய போறேன். பத்து நிமிஷம் ஆவும். அந்தப் பத்து நிமிஷத்துல இன்னா நடந்துச்சுன்னு எனக்கு எப்டித் தெரியும்?”

அந்த மனிதர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று பிற்பாடு புரிந்தது. அன்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “மூன்று தலைமுறை கேட்டு எடுத்தவர்கள் நாங்கள். திருட்டுப் படம் எடுத்து மாட்ட எங்கள் வீட்டுச் சுவரில் இடமில்லை. எழுத்துமூலமாகவே தருகிறேன்” என்றேன்.

“எழுதாதீங்க சார்.”

எழுதினேன். அவர் அதை வாங்கி முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றினார். பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்த பார்வை, ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர்கள் பார்ப்பது. “அவ்ளோதான் சார். இனிமே என் கையில இல்ல.”

அவர் கையில் இல்லாதது, நகரத்தில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்தது. காட்சிப்பதிவு அனுமதிப் பிரிவு. மூன்று மேஜை, இரண்டு பேர், ஒரு நாற்காலி மனுதாரர்களுக்கு. துணை அனுமதி அலுவலர் யசோதரா எங்களை மிகுந்த மரியாதையோடு உட்காரச் சொன்னார். நாற்காலி ஒன்றுதான் என்பதால் டெரிக் நின்றான்.

“பப்ளிக்ல எங்களப் பத்தி ஒரு தப்பான அபிப்ராயம் இருக்கு சார், தடுக்கறோம்னு. இந்தப் பிரிவு ஆரம்பிச்சுப் பதினேழு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு மனுவைக்கூட நாங்க நிராகரிச்சது கிடையாது.”

“மகிழ்ச்சி. எத்தனை பேருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள்?”

“அதுவும் கிடையாது. நிராகரிச்சா அப்பீல் போவாங்க. அனுமதிச்சா அடுத்த நாளே பத்துப் பேர் வந்து நிப்பாங்க. ரெண்டுமே நிர்வாகத்துக்கு நல்லதில்ல. அதனால பரிசீலிக்கிறோம். பரிசீலனைதான் சார் எங்க வேலை. அதுல ஒரு குறை சொல்ல முடியாது.” பிறகு டெரிக்கைப் பார்த்தார். “நீங்க தொழில்முறைக்காரரா, பொழுதுபோக்கா?”

“கிரேன் ஆபரேட்டர் மேடம்.”

“அப்புறம் ஏன் படம் எடுக்கறீங்க?”

டெரிக்கை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. “புடிக்கும் மேடம்.”

அவர் தாளில் எழுதினார்: காரணம் – தெரிவிக்கப்படவில்லை.

விண்ணப்பப் படிவத்தில் முப்பத்திரண்டு கேள்விகள். ஒன்பதாவது கேள்விக்கு, எடுக்கப்போகும் படத்தின் இரண்டு பிரதிகளை இணைக்க வேண்டும்.

“எடுக்காத படத்தின் பிரதியை எப்படி இணைப்பது?” என்றேன்.

“எடுத்து இணைங்க.”

“எடுக்கத்தானே அனுமதி கேட்கிறோம்?”

“அனுமதியில்லாம எடுத்தா குற்றம் சார். அப்டி ஒண்ணும் பண்ணிடாதீங்க. ஆனா படம் இல்லாம நாங்க எதை வெச்சு முடிவு பண்றது? நீங்களும் ரயில்வேல இருந்தவர்தானே.”

டெரிக் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அந்தப் படம் எப்படி இருக்கும் என்பதைப் பென்சிலால் வரைந்தான். அவனுக்கு வரைய வராது. ஒரு செவ்வகம், அதில் சுங்கக்கரை என்று பெயர். கீழே ஒரு குச்சி உருவம், கையில் கொடி. பின்னால் இரண்டு கோடு தண்டவாளம். கார்பன் வைத்து இரண்டு பிரதி எடுத்தான். இணைத்தோம்.

பதினோரு நாள் கழித்து ஏட்டு யாசின் ஐரீன் வீட்டு வாசலில் வந்து நின்றார். யாசின் எங்கள் பக்கத்துப் பிள்ளைதான். புதுவண்ணாரப்பேட்டை. ஐரீனின் கேட்டில் நின்று அவள் கையால் டீ குடித்தவர். அவர் கையில் டெரிக்கின் படம் இருந்தது. அதன் மேல் சிவப்பு மையில், “ரயில் நிலைய வரைபடம். யார் கொடுத்தது? விசாரிக்கவும்” என்று எழுதியிருந்தது.

“யக்கா, தப்பா நெனச்சிக்காத. இத்துல ஒரு ஆளு கொடி புடிச்சிகினு நிக்கிறான். அவன் யாரு, எந்த ஊரு, இன்னாத்துக்கு சிக்னல் குடுக்குறான்னு கேட்டுகினு வரச் சொல்லிக்கிறாங்க.”

“யோவ், அது நான்தான்யா.”

யாசின் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நீயா? இன்னாக்கா, கை இம்மாந்நீளம் கீது?”

“எந்தம்பிக்கு அவ்ளோதான் வரையத் தெரியும்.”

யாசின் வாக்குமூலம் எழுதிக்கொண்டார். படத்தில் உள்ள நபர் வாக்குமூலம் அளிப்பவரே என்றும், கையின் நீளம் வரைந்தவரின் திறமைக் குறைவால் நேர்ந்தது என்றும், இதில் சதி எதுவும் இல்லை என்றும் ஐரீன் கையெழுத்துப் போட்டாள். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணின் கையெழுத்து காவல் தாளில் விழுந்தது அதுவே முதல் முறை. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

மே மாதக் கடைசியில் அடுத்த கட்டம் வந்தது. மனுதாரர் பொழுதுபோக்குக்காரர்தான் என்பதற்குச் சான்று வேண்டும். யசோதரா விளக்கினார்.

“பொழுதுபோக்குன்னு எல்லாரும்தான் சொல்வாங்க சார். படம் நல்லா இருந்தா அதை விக்கலாம். விக்கலாம்னா அது தொழில். தொழில்னா சினிமா ஷூட்டிங் விதிகள் வந்துடும். குறைஞ்சது நாலு ரயில் பெட்டி வாடகைக்கு எடுக்கணும்.”

“ஒரு பலகையைப் படம் எடுக்க நாலு பெட்டியா?”

“இன்ஜின் தனி சார். அதனால உங்க தம்பி எடுத்த படங்கள்ல இருபது குடுங்க. ஒரு குழு பார்க்கும். தரம் இல்லன்னு அவங்க சொல்லிட்டா உங்களுக்குப் பிரச்சினை இல்ல.”

டெரிக் இருபத்தாறு வருடப் படங்களில் இருபதைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். மோசமானதைக் கொடு என்று ரேச்சல் சொன்னாள். “மாமா, தல வெட்டுனது, ஆடிப் போனது, அந்த மாரி எதுனா குடுத்துடு. அவங்களுக்கு அதான வேணும்.” அவன் கேட்கவில்லை. கேட்டவர்களுக்குத் தன்னிடம் உள்ளதில் நல்லதைக் கொடுத்துத்தான் அவனுக்குப் பழக்கம். நெட்டுக்குப்பத்தில் அனல்மின் புகைபோக்கிகளுக்கு முன்னால் ஒரு கிழவர் வலை உதறும் படம் அதில் இருந்தது. அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தபோது, பார்த்துக்கொண்டே காபியை ஆறவிட்டேன். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் சொல்லிக்கொள்வதில்லை.

குழுவில் மூன்று பேர்: ஒருவர் பாலங்கள் பிரிவு, ஒருவர் கிடங்கு, ஒருவர் சட்டம். அறிக்கை வந்தது. அதை அப்படியே தருகிறேன்.

“மனுதாரர் சமர்ப்பித்த இருபது படங்களும் கவனமாகப் பார்வையிடப்பட்டன. எவற்றிலும் விற்கத்தக்க தரமோ, பார்ப்பவருக்குப் பயன்படக்கூடிய அம்சமோ காணப்படவில்லை. எனவே மனுதாரர் பொழுதுபோக்குக்காரர் எனச் சான்றளிக்கப்படுகிறது. அவர் இந்நிலையைத் தொடர்ந்து பேணுவார் என எதிர்பார்க்கப்படுகிறது.”

நான் நாலாவது மாடிக்குப் போய் அந்தத் தாளை யசோதராவின் மேஜையில் வைத்தேன்.

“இதை எழுதியவர்கள் கேமராவைத் தொட்டிருக்கிறார்களா?”

“உங்களுக்குச் சாதகமா வந்த ரிப்போர்ட் சார் இது. எவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்க பாருங்க. ஒரு படத்துலகூட ஒண்ணும் இல்லையாம். இந்த மாதிரி ஒருமனதா வர்றதே கஷ்டம்.”

“நான் மேல்முறையீடு செய்கிறேன்.”

“செய்யலாம். ஜெயிச்சா நாலு பெட்டி.”

டெரிக் அறிக்கையை இரண்டு முறை படித்தான். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். “வுடு அண்ணே. அக்காவுக்குப் படம் வேணும். அத்தப் பாப்போம்.” அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்தான். அதற்கடுத்த ஞாயிறும். கேமரா பீரோவின் மேல் இருந்தது.

ஜூன் மாதம் நான் தினமும் அந்த மனுதாரர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்து வரை. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. முதுகு சாய்க்கவில்லை. இருபத்தாறாம் தேதி அந்தப் பிரிவுக்கு ஆய்வு வருவதாகச் செய்தி வந்தது. பதினேழு வருடத்தில் முதல் ஆய்வு. ஆய்வாளர் உட்கார நாற்காலி வேண்டும். பார்க்க ஒரு முடிந்த கோப்பும் வேண்டும். இரண்டையும் ஒரே உத்தரவில் தீர்த்துக்கொண்டார்கள்.

அனுமதிக் கடிதத்தின் எண் 1. யசோதரா அதை எங்களுக்கு வழங்கும்போது ஒரு சிறு நிகழ்ச்சி வைத்தார்கள். சால்வை போட்டார்கள். “சாமானிய மனிதனும் கேமராவும் ரயில்வேயும் கைகோக்கும் நாள் இது” என்று யசோதரா பேசினார். டெரிக்கை நடுவில் நிறுத்தி, கடிதத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அலுவலகத்தின் இன்னொரு ஊழியர் செல்பேசியில் பன்னிரண்டு படம் எடுத்தார். அதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. படங்கள் ஆய்வுக் கோப்பில் இணைக்கப்பட்டன.

கடிதத்தின் பின்பக்கத்தை வீட்டுக்கு வந்துதான் பார்த்தோம்.

ஜூன் முப்பதாம் தேதிக்கு வருகிறேன்.

ஐரீன் நீலச் சீருடையில் வந்தாள். அதைக் கஞ்சி போட்டுத் தேய்த்திருந்தாள். கழுத்தில் ரோஜா மாலை, வலது கையில் பச்சைக் கொடி. காலையில் கேட்டை வேறு ஆளிடம் ஒப்படைத்திருந்தாள். ஐந்து பத்துக்குப் பலகைக்குக் கீழே போய் நின்றாள். அவளுடைய தலைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கை இடைவெளி. தாத்தாவுக்கும் அதே அளவுதான்.

யாசின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிபந்தனைகளைப் படித்தார். தாமோதரன் பக்கத்தில் நின்றார். இருவருக்கும் முகம் சரியில்லை.

“ஒண்ணு. சிக்னல், மின்கம்பி, கம்பம் படத்துல வரக்கூடாது. ரெண்டு. ரயிலு வரக்கூடாது. மூணு. பிரயாணிங்க வரக்கூடாது. நாலு. ரயில்வேக்குச் சொந்தமான கட்டடம், இருக்கை, பலகை…” யாசின் நிறுத்தினார். “பலகையும் வரக்கூடாது நைனா.”

“பலகையைப் படம் எடுக்கத்தானே அனுமதி?” என்றேன்.

“எடுக்க அனுமதி குட்த்துக்கிறாங்க. படத்துல வரக்கூடாதுங்குறாங்க.”

“மேலே படியுங்கள்.”

“ஏழு. ரயில்வே ஊழியர் சீருடையில வரக்கூடாது.”

ரேச்சலுக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்கம்மா ரிட்டயர்டு. இப்ப ஊழியர் இல்ல.”

தாமோதரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “அத்தையும் கேட்டேம்மா. காலைல போன் போட்டேன். இன்னிக்கு ராத்திரி பன்னெண்டு வரைக்கும் இவங்க ஊழியர்தானாம். ஊழியர எடுக்கக்கூடாது. பன்னெண்டுக்கு மேல ஊழியர் இல்ல. ஊழியர் இல்லாதவங்க சீருடை போடக்கூடாது.”

“அப்ப எப்பதான் எடுக்கறது?”

“பர்மிஷன் ஆறு மணிக்கு முடிஞ்சிடும்மா.”

நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, பலகையின் மறுபக்கத்தில் ஒரு பெண், செல்பேசியைத் தண்ணீர்க் குழாயின் மேல் சாய்த்து வைத்து, அதற்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தாள். ஆடி முடித்து, எடுத்துப் பார்த்து, பிடிக்காமல் மறுபடி ஆடினாள். பலகை, கம்பம், மின்கம்பி, நடுவில் வந்து நின்ற ஒரு சரக்கு ரயில், எல்லாம் அவளுக்குப் பின்னால் இருந்தன.

குப்பம்மா கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “யோவ் ஏட்டு. அந்தப் பொண்ணு அரை அவரா குதிச்சிகினு கீது, அத்த ஒண்ணும் கேக்கல. இந்தம்மா சும்மா நிக்கிது, இத்த இன்னாத்துக்குக் கேட்டுகினு கீற?”

“அது கேக்கல யக்கா. இவங்க கேட்டாங்க. கேக்காம எடுத்திருந்தா நான் பாத்திருக்கவே மாட்டேன். கேட்டுட்டாங்க. இப்ப நான் பாத்தே ஆவணும். நான் பாக்குறனான்னு பாக்க மேல ஒரு ஆளு கீறான்.”

ரேச்சல் தன் செல்பேசியை எடுத்தாள். யாசின் கையை நீட்டித் தடுத்தார். முரட்டுத்தனமாக இல்லை. “வேணாம் பாப்பா. பதிமூணாவது நிபந்தனை. இந்தக் குடும்பத்துல வேற யாரும், வேற எதாலயும். பேரு போட்டே எழுதிக்கிறாங்க.”

அப்போது தாமோதரனுக்கு ஒரு யோசனை வந்தது. நடைமேடையின் மறுகோடியில் ரயில்வே வைத்த செல்ஃபி பாயிண்ட் இருந்தது. பிளாஸ்டிக் இதயம், அட்டை இன்ஜின், துணியில் அச்சடித்த மஞ்சள் பலகை. அதில் சுங்கக்கரை என்றே போட்டிருந்தது. “அங்க அனுமதி வேணாம் சார். அங்க எடுக்கலன்னாதான் கோச்சிப்பாங்க. மாசத்துக்கு இத்தினி படம்னு கணக்குக் கேக்குறாங்க.”

ஐரீன் என்னைப் பார்த்தாள். “அண்ணே, அங்கயே நிக்கிறேனே. பேரு கீதுல்ல.”

“அது துணி” என்றேன்.

“படத்துல யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியும்.”

நான் வேறு பதில் சொல்லியிருக்கலாம் என்று இன்று நினைக்கிறேனா என்று கேட்காதீர்கள்.

ஐந்தரை ஆயிற்று. அவள் நின்றுகொண்டிருந்தாள். மாலையின் ஒரு ரோஜா உதிர்ந்தது. எங்களை நாலு பக்கத்திலிருந்து நாலு கண்காணிப்புக் கேமராக்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தன.

“நிபந்தனைப்படி எதைத்தான் எடுக்கலாம்?” என்று டெரிக் கேட்டான். அன்று அவன் பேசிய முதல் வார்த்தை அது.

யாசினும் தாமோதரனும் சேர்ந்து பார்த்தார்கள். கீழே தரை, ரயில்வேயுடையது. வலப்பக்கம் கம்பம். இடப்பக்கம் ஆடும் பெண், அவள் பிரயாணி. நிமிர்ந்து பார்த்தார்கள். பலகைக்கு மேலே, மின்கம்பிக்கு இந்தப் பக்கம், இரண்டு முழ அகலத்துக்கு வானம் இருந்தது. எண்ணூர்ப் பக்கமிருந்து வந்த புகை அதில் கலைந்துகொண்டிருந்தது. புகை ரயில்வேக்குச் சொந்தமில்லை.

“அத்த எடுக்கலாம்” என்றார் தாமோதரன்.

டெரிக் மண்டியிட்டான். ஐரீனுக்கு நேர் எதிரே, அவள் முகத்துக்குக் குறி வைக்கிற தூரத்தில். பிறகு கேமராவை மெல்ல மேலே உயர்த்தினான். அவளுடைய நெற்றியைத் தாண்டி, பலகையைத் தாண்டி. எடுத்தான்.

பன்னிரண்டாவது நிபந்தனைப்படி எடுத்த படத்தை நிலைய அதிகாரி பார்த்துச் சரி சொல்ல வேண்டும். தாமோதரன் கேமராவின் திரையில் குனிந்து பார்த்தார். “கீழ் மூலையில பச்சையா ஒண்ணு தெரியுதே.”

நான் பார்த்தேன். வானத்தின் அடியில், விரலளவு பச்சை. ஐரீனைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். வலது கை தலைக்கு மேல் முழுவதுமாக நீண்டிருந்தது. குதிகால்கள் தரையில் இல்லை. இருபத்தொன்பது வருடத்தில் விதியை மீறாதவள், கொடியின் நுனியையாவது படத்துக்குள் தள்ளப் பார்த்திருக்கிறாள்.

“கொடி சிக்னல்ல சேத்தி சார்” என்றார் தாமோதரன், என் முகத்தைப் பார்க்காமல். “ஒண்ணாவது நிபந்தனை.”

டெரிக் அதை அழித்தான்.

“யக்கா, கைய எறக்கு” என்றார் யாசின்.

அவள் இறக்கினாள். டெரிக் மறுபடி எடுத்தான். அது சரியாக இருந்தது. தாமோதரன் கடிதத்தில் “படம் ஒன்று. ஆட்சேபம் இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐந்து ஐம்பதுக்கு கும்மிடிப்பூண்டி வண்டி வந்தது. குப்பம்மா கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

“நல்ல பேஜாரு புடிச்ச குடும்பம்ப்பா” என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு ஏறினாள். ஏறிய பிறகு ஜன்னலிலிருந்து ஐரீனுக்குக் கையை ஆட்டினாள். ஐரீன் கொடியைச் சுருட்டி ரேச்சலிடம் கொடுத்தாள். வீட்டுக்கு நடந்தோம்.

கண்காணிப்புக் கேமராப் பதிவைக் கேட்கலாமே என்று ரேச்சல் சொன்னாள். கேட்டேன். பதிவுகள் பதினைந்து நாளில் அழிக்கப்படும் என்றும், என் மனு பதினாறாம் நாள் பரிசீலனைக்கு எடுக்கப்பட்டது என்றும் பதில் வந்தது. டெரிக்கின் கேமரா பீரோவின் மேல் இருக்கிறது. தூசி படாமல் இருக்க அதன் மேல் ஒரு துணி போட்டிருக்கிறான்.

ஏப்ரலில் அடித்த ஆணி வெறுமனே நிற்கக்கூடாது. எடுத்த படத்தை நல்ல தேக்குச் சட்டத்தில் போட்டு மாட்டினேன். சாம்பல் நிற வானம், கொஞ்சம் புகை. கீழே என் கையால் எழுதினேன்: ஐரீன், கேட் கீப்பர், உப்பள கேட், ஓய்வு 30-6-2025. வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போது காலண்டரைப் பார்ப்பதில்லை. அந்தப் படத்தைப் பார்க்கிறார்கள். பிறகு என்னைப் பார்க்கிறார்கள். பிறகு டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஐரீனை டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள், அதனால்தான் அவளைப் படத்திலிருந்து வெட்டிவிட்டு வானத்தை மட்டும் மாட்டி வைத்திருக்கிறோம் என்று ராயபுரத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். யாரும் வெட்டவில்லை. அந்தப் படத்துக்கு இரண்டடி கீழே அவள் நிற்கிறாள்.